யேமனின் ஆயுதக் குழுவான ஹவுதிகளை நேரில் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாகர்கோவில் நர்ஸ்:
யேமன் தலைநகர் சனா, 2015 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. பத்ர், ஹஷூஷ் பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தில் குண்டு வெடித்த நாள். 130 பேருக்கு மேல் போய்விட்டார்கள். செய்தது ஐ.எஸ். தீவிரவாதக் குழு. அங்கே தொழ வருகிறவர்களில் ஹவுதி ஆட்கள் நிறைய. எங்கள் கேஷுவாலிட்டிக்குத் தூக்கி வந்தவர்களில் ஒரு பையன், மீசைகூட அரும்பவில்லை. அவன் துப்பாக்கியை உடன் வந்த ஆள் வாங்கி வைத்திருந்தார், கட்டையில் ஹவுதி கோஷம் எழுதிய அந்தப் பச்சை சிவப்பு ஸ்டிக்கர். தொடையில் சில்லு பாய்ந்திருந்தது. துணியை வெட்டக் கத்தரியை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஜம்பியா என்ற வளைந்த கத்தியைச் செருகும் பெல்ட்டை வெட்டாதே, அப்பாவுடையது என்று அழுகிறான். அவ்வளவு ரத்தம் போகிறது, அழுகை பெல்ட்டுக்காக. அவிழ்த்துத் தலைமாட்டில் வைத்த பிறகுதான் கையை விட்டான். மறுநாள் டியூட்டிக்குப் போனால் கட்டில் காலி. காயம் ஆறுவதற்குள் அவன் ஆட்களே கூட்டிப் போய்விட்டார்களாம். திரும்பவும் சண்டைக்கா, வீட்டுக்கா?

ஏடன் வெல்டர்:
சிஸ்டர், அந்தப் பையனுக்காக நீங்கள் வருத்தப்படுவது நியாயம்தான். ஆனால் படிக்கிறவர்கள் ஹவுதி என்றாலே பாவப்பட்ட பிள்ளைகள் என்று நினைத்துவிடக் கூடாது. 2014இல் டீசல் விலை ஏறியதைச் சொல்லித்தான் சனாவுக்குள் வந்தார்கள். பழைய அதிபர் சாலேயின் ராணுவம் வழிவிட்டது. அதே சாலேயை 2017 டிசம்பரில் அவர்களே கொன்றார்கள். 2015இல் தெற்கே நான் வேலை பார்த்த துறைமுக நகரம் ஏடனுக்கும் வந்தார்கள், அவர்களைக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எங்கள் சைட் வாட்ச்மேன் சின்ன வயசு, எங்களுக்கு டீ போட்டுக் கொடுப்பான். ஊரைக் காக்கப் போகிறேன் என்று ஜபல் ஹதீத் ஆயுதக் கிடங்கிலிருந்து புதுத் துப்பாக்கி ஒன்றைத் தூக்கி வந்தான். அதில் இன்னும் கிரீஸ் இருந்தது. இதை எப்படித் திறப்பது என்று என்னிடம் கேட்டான்! மார்ச் 28 அந்தக் கிடங்கே வெடித்தது. 31ஆம் தேதி ராத்திரி இந்தியக் கடற்படையின் சுமித்ரா கப்பலில் எங்களை எதிர்க்கரை நாடான ஜிபூத்திக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் பையனைப் பற்றி எழுதும்போது என் பையனையும் சேர்த்து எழுதுங்கள்.

கீழக்கரை ஏபி:
நான் சரக்குக் கப்பலில் ஏபி, அதாவது தளத்து மாலுமி. எனக்குக் கேட்டது குரல் மட்டும்தான். 2024 ஜனவரி, செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டப் நீரிணை. கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் கேப்டனோடு லுக்கவுட் நிற்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் கீழே இன்ஜின் கன்ட்ரோல் ரூமில். இஸ்ரேல் தொடர்புள்ள கப்பல்களை அடிப்போம் என்று ஹவுதிகள் சொல்லியிருந்ததால், கப்பலின் விவரத்தை மற்றவர்களுக்குக் காட்டும் ஏஐஎஸ் கருவியில் 'இஸ்ரேல் தொடர்பு இல்லை' என்று போட்டிருந்தோம். எல்லாக் கப்பல்களும் கேட்கும் ரேடியோ சேனல் 16இல் ஹவுதிகள் 'யேமன் நேவி' என்ற பெயரில் கூப்பிட்டு, பாதையை மாற்று என்றார்கள். உடனே ஒரு போர்க்கப்பல் அதே சேனலில் குறுக்கிட்டு, அவர்களைக் கேட்காதே, நேரே போ என்றது. கேப்டன் மைக்கைப் பிடித்தபடி பேசாமல் நின்றார். அந்த யேமன் குரலில் கோபமே இல்லை, கடைசியில் தேங்க்யூ கேப்டன் என்றது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்ச் 6 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பலையும் இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அடித்ததில் மூன்று பேர் செத்தார்கள். இப்போதும் வாட்ச்சில் 16 கரகரத்தால் என் கை கம்பியைத் தேடுகிறது.

ரிடையர்டு சீஃப்:
எங்கள் கப்பலை நன்னம்பிக்கை முனை சுற்றித் திருப்பிவிட்டார்கள், அதனால் நான் அவர்களைப் பார்க்கவில்லை. தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். செங்கடலின் தென்பகுதியைப் போர் ஆபத்துப் பகுதி என்று அறிவித்திருக்கிறார்கள். ஐபிஎஃப் (மாலுமிச் சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் சேர்ந்த சர்வதேசப் பேச்சுவார்த்தை அமைப்பு) ஒப்பந்தம் உள்ள கப்பல் என்றால் அங்கே போக மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். போனால் அந்தப் பகுதியில் இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தில் இது இருக்கிறதா என்று படியுங்கள். ஏஜென்டின் ஆர்பிஎஸ்எல் எண்ணை, அதாவது ஆள் எடுக்கும் உரிம எண்ணை, அரசின் கப்பல்துறை அலுவலகமான டிஜி ஷிப்பிங் தளத்தில் சரிபாருங்கள். ஒப்பந்த நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மாட்டேன் என்பதை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். இந்தியாவிலிருந்து யேமனுக்கு வேலைக்குப் போக 2017 முதல் தடை இருக்கிறது, நர்ஸ் பிள்ளைகளும் கவனிக்கவும்.

கீழக்கரை ஏபி:
சீஃப், உரிமை தாளில் இருக்கிறது. மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த என் நண்பனுக்கு அந்த ஏஜென்ட் அதற்கப்புறம் கப்பலே கொடுக்கவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறவன் எதை எழுதிக் கொடுப்பான்?

நாகர்கோவில் நர்ஸ்:
ஏடன் அண்ணா, அவர்கள் நல்லவர்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சிறுவர்களைப் படையில் சேர்க்க மாட்டோம் என்று 2022 ஏப்ரலில்தான் ஐ.நா.விடம் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பையன் கையில் துப்பாக்கி கொடுத்தவன் மீதுதான் என் கோபம். உங்கள் வாட்ச்மேனிடம் துப்பாக்கியைத் திறந்து காட்டினீர்களா, அதைச் சொல்லுங்கள்.

ஏடன் வெல்டர்:
இல்லை சிஸ்டர். எனக்கும் தெரியாது. பக்கத்து சைட் எகிப்துக்காரர் காட்டிக் கொடுத்தார்.