கெர்னலை இளைக்க வைக்கும் பேட்ச்களைச் சுமந்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

உபிக்காரன்

சிங்கப்பூர் தேக்காவில் யாரிடமாவது "கெர்னலில் வேலை" என்று சொன்னால், சர்வர் அறையில் உட்காரும் ஆள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கெர்னல் என்றால் இயங்குதளத்தின் மையக்கரு, பேட்ச் என்றால் அதன் நிரலை மாற்றும் சின்னத் திருத்தக் கோப்பு என்று விளக்கப் போனால் தோசை ஆறிவிடும். இங்கே இருப்பவர்களுக்காவது புரியும் என்பதால் நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

இங்கே உபி வட்டாரத்தில் சின்ன நிறுவனம். கட்டடங்களில் மாட்டும் கேட்வே பெட்டிகள் செய்கிறோம். பழைய மாடலில் 8 எம்பி ஃபிளாஷ் (நிரந்தரச் சேமிப்பு), 32 எம்பி ராம். அந்த 8-இல் லினக்ஸ் கெர்னலுக்கு ஒதுக்கியது 2 எம்பி. பெட்டி எழும்போது கெர்னலை ஏற்றும் பூட்லோடர் அந்த எல்லைக்கு மேல் படிக்காது. பூட்லோடரையே மாற்றலாமே என்று கேட்பீர்கள். ஏற்கெனவே மாட்டிவிட்ட பெட்டியில் அதை மாற்றும்போது நடுவில் மின்சாரம் போனால் பெட்டி செத்தது. அப்புறம் ஏணியோடு ஆள் அனுப்ப வேண்டும். ஆகவே 2 எம்பி என்றால் 2 எம்பிதான், ஒரு பைட் கூடக் கூடாது.

எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது ஒரு குவில்ட் அடைவு (குவில்ட் என்பது பேட்ச்களை வரிசையாக ஏற்றும் கருவி). வரிசையாக இருபது சொச்சம் பேட்ச்கள். சிலவற்றின் தலைப்புக் குறிப்பைப் பார்த்தால் வேர் பழைய லினக்ஸ்-டைனியில் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: 2003 டிசம்பரில், 2.6 கெர்னல் வெளிவந்த அதே சமயத்தில், மேட் மக்கால் தொடங்கியது அது. 2.6 வந்ததும் சின்னப் பெட்டிகளுக்குக் கெர்னல் பெரிதாகிவிட்டது. "இது இல்லாமலும் ஓடுமா?" என்று ஒவ்வொரு பகுதியாகக் கேட்டு, வேண்டாமென்றால் அணைத்துவிடும்படி சின்னச் சின்னப் பேட்ச்களாகச் சேர்த்தார். அதில் நிறைய, காலப்போக்கில் மூலக் கெர்னலுக்குள்ளேயே போய்விட்டது. இன்று கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் இருக்கும், இரண்டு கெர்னல்களின் அளவு வித்தியாசத்தைக் காட்டும் புளோட்-ஓ-மீட்டர் அவர் எழுதியதுதான். (அதே மனிதர்தான் 2005-இல் நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் மெர்க்குரியலை எழுதினார். ஆளுக்குச் சின்ன வேலை என்றால் பிடிக்கும் போல!)

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். கெர்னல் பதிப்பு 5.10-லிருந்து 6.6-க்கு ஏற வேண்டியிருந்தது. பழைய கெர்னலிலேயே இருந்திருக்கலாம். ஆனால் இங்கே இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஎஸ்ஏ 2020 அக்டோபரில் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைக் கொண்டுவந்தது முதல் வாடிக்கையாளர்கள் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவீர்கள்?" என்பதுதான். அப்டேட் தர வேண்டுமென்றால் கெர்னல் நகர வேண்டும். கெர்னல் நகர்ந்தால் இருபது சொச்சமும் கூடவே நகர வேண்டும்.

ஒட்டாத பேட்ச் ஒரு தொல்லையே இல்லை. கத்தும், சரி செய்வோம். மோசமானது சத்தமில்லாமல் ஒட்டுவது. அதில் இரண்டு வகை பார்த்தேன். முதல் வகை, வரிகள் கொஞ்சம் நகர்ந்திருக்க, ஒரே சாயலில் இருக்கும் பக்கத்து ஃபங்ஷனில் போய் ஒட்டிக்கொள்ளும். குவில்ட் "ஃபஸ்" (சுற்றியுள்ள வரிகள் முழுதாகப் பொருந்தவில்லை) என்று ஒரு வரி முணுமுணுக்கும், அவ்வளவுதான். அதனால் ஃபஸ் பூஜ்யம் என்று வைத்துத்தான் ஏற்றுகிறேன். கத்தட்டும்.

இரண்டாம் வகை இன்னும் சுவாரசியம். பேட்ச் சரியான இடத்தில் ஒட்டும், கம்பைல் ஆகும், ஓடும். ஆனால் ஒரு பைட்டும் மிச்சமாகாது. ஏதோ ஒரு ஃபங்ஷனை வெற்றாக்கிய பேட்ச் அது. இடைப்பட்ட வருஷங்களில் மூலக் கெர்னலில் யாரோ அந்த இடத்தைச் சீரமைத்திருப்பார்கள், அல்லது கம்பைலரான ஜிசிசியே அதைக் கழித்துவிடும் அளவுக்குத் தேறியிருக்கும். நாம் மட்டும் பக்தியோடு சுமந்துகொண்டிருப்போம். ஒவ்வொரு பேட்ச்சையும் தனியாக எடுத்துப் புளோட்-ஓ-மீட்டரில் நிறுத்திப் பார்த்தேன். நான்கு பேட்ச் சுத்த வெட்டி. குப்பைக்குப் போயின.

ரொம்ப இழுத்தது பிரிண்ட்கே பேட்ச். பிரிண்ட்கே என்பது கெர்னல் தன் செய்திகளை வெளியிடும் ஃபங்ஷன். பிரிண்ட்கே-யை மொத்தமாக அணைக்கும் வசதி கெர்னலிலேயே உண்டு, இடமும் நிறைய மிச்சமாகும். ஆனால் பெட்டி ஏன் செத்தது என்று கேட்டால் பதில் இருக்காது. எங்களுடையது நடுவழி. எச்சரிக்கைக்குக் கீழே உள்ள செய்திகளின் எழுத்துச் சரங்கள் மட்டும் கம்பைல் ஆகும்போதே காணாமல் போகும். 5.15-இல் பிரிண்ட்கே ஃபங்ஷனாக இல்லாமல் மேக்ரோ ஆகிவிட்டது, உண்மையான ஃபங்ஷன் முன்னால் ஒரு அடிக்கோட்டோடு உள்ளே போய்விட்டது. எங்கள் பேட்ச் நின்ற தரையே இல்லை. பழையதைத் திருத்திப் பயனில்லை என்று புதிதாகவே எழுதினேன். புதியது பழையதைவிடச் சின்னது.

ஸ்லோப் கதையும் இருக்கிறது. 2006-இல் 2.6.16-இல் வந்த, சின்ன ராமுக்கான நினைவக ஒதுக்கி. அதுவும் மக்கால் கைவண்ணம். 2023-இல் 6.4-இல் எடுத்தே விட்டார்கள். பதிலுக்கு 6.2-இல் வந்த ஸ்லப்-டைனியைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ராம் கொஞ்சம் கூடுதலாகத்தான் சாப்பிடுகிறது. ஆனால் ஸ்லோப்புக்காகத் தனியே சுமந்த திருத்தங்களைத் தூக்கிப்போட முடிந்தது, எனக்கு அது லாபம்தான்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

ஜூரோங் பழசு

தம்பி, நீங்கள் 5.15 பற்றிச் சொல்வதைப் படிக்கும்போது எனக்கு 2008 ஜனவரி ஞாபகம் வருகிறது. 2.6.24. அதுவரை 32-பிட் பிசி நிரல் ஐ386 என்று தனி அடைவு, 64-பிட் நிரல் எக்ஸ்86-64 என்று தனி அடைவு. இரண்டையும் ஒன்றாக்கி எக்ஸ்86 என்று வைத்துவிட்டார்கள். ஐ386 அடைவைத் தொட்ட அத்தனை பேட்ச்சும் முகவரி இல்லாத கடிதம் ஆயிற்று. அந்தச் சமயத்தில் லினக்ஸ்-டைனியை சிஇ லினக்ஸ் ஃபோரம் (மின்னணுச் சாதன நிறுவனங்களின் லினக்ஸ் கூட்டமைப்பு) திரும்ப எழுப்பியிருந்தது, மைக்கேல் ஓப்டெனாக்கர் பொறுப்பில். எங்கள் குழுவில் அதை எடுத்து ஒரு தொழிற்சாலைக் கருவிக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், இன்னும் அதில்தான் நிற்கிறேன். வெளியே வைத்துச் சுமப்பதை வேலைத் திட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே, அதாவது மூலக் கெர்னலுக்கு, அனுப்பு, இல்லையென்றால் விடு. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் வெளியாகிறது. அதன் ஓட்டத்துக்கு ஒரு தனி ஆளால் ஈடுகொடுக்க முடியாது.

ஆனால் மேலே அனுப்புவதும் சும்மா இல்லை. நான் அனுப்பிய ஒன்று, ஒரு சிஸ்டம் காலை (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) கன்ஃபிக், அதாவது கெர்னலைக் கட்டும்போது வசதிகளைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு வழியாக அணைக்கும் பேட்ச். பதில் வந்தது: "எத்தனை பைட்? அந்தப் பைட்டுக்காக இந்த இஃப்டெஃப்பைக் காலத்துக்கும் யார் பார்த்துக்கொள்வது?" இஃப்டெஃப் என்றால் கன்ஃபிக்கைப் பொறுத்து நிரலின் ஒரு பகுதியைச் சேர்க்கும் அல்லது விடும் வரி. முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் நியாயம்தான். ஒரு புது கன்ஃபிக் வந்தால் சோதிக்க வேண்டிய சேர்க்கைகள் இரட்டிப்பாகின்றன. அதை அணைத்து வைத்து ஓட்டுபவர்கள் உலகத்திலேயே நாலு பேர் என்றால், அது உடைந்தால் யாருக்கும் தெரியாது.

இஃப்டெஃப்பை எல்லாம் சி கோப்பிலிருந்து எடுத்து, ஹெடரில் வெற்று இன்லைன் ஃபங்ஷனாக வைத்து, புளோட்-ஓ-மீட்டர் எண்ணை விளக்கத்திலேயே எழுதித் திரும்ப அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். சில வாரம் கழித்து, மாற்றங்களைத் தானாகவே சோதிக்கும் கெர்னல் டெஸ்ட் ரோபோவிடமிருந்து மின்னஞ்சல், ஏதோ ஒரு குருட்டாம்போக்குக் கன்ஃபிக்கில் லிங்க் ஆகவில்லை என்று. சந்தோஷமாக இருந்தது. என் வேலையை இனி நான் மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

2015-இல் 4.1-இல் மல்டியூசர் என்ற ஆப்ஷன் வந்ததே, பயனர் அடையாளங்களையே கழற்றிவிட்டு எல்லாம் ரூட் ஆக ஓடும்படி. அந்த மாதிரிப் பெரிய வெட்டெல்லாம் உள்ளே போனதால்தான் பிழைத்தது. வெளியே கிடந்திருந்தால் இரண்டு வெளியீட்டில் மக்கியிருக்கும்.

சுங்கை ரோடு ரசிகன்

அண்ணே, எல்லாவற்றையும் மேலே அனுப்பு என்பது சரி, ஆனால் மேலே ஒருபோதும் எடுத்துக்கொள்ளவே மாட்டாத பேட்ச்களும் உண்டு. என் அனுபவம் அந்தப் பக்கம்.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடினார்கள். அதற்கு முன்னால் வாரக் கடைசியில் போய் இரண்டு வெள்ளி மூன்று வெள்ளிக்குப் பழைய ரவுட்டர் அள்ளிக்கொண்டு வருவேன். வீட்டில் திட்டு, அது வேறு கதை. பெரும்பாலும் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம். ரவுட்டர்களுக்கான லினக்ஸ் திட்டமான ஓபன்டபிள்யூஆர்டி உலகத்தில் "4/32" என்று சொன்னாலே முகம் சுளிப்பார்கள். வாங்காதீர்கள் என்று அவர்கள் தளத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது.

அந்தத் திட்டத்தின் கெர்னல் பேட்ச்கள் மூன்று அடைவாகப் பிரிந்திருக்கும். பேக்போர்ட் என்றால் மூலக் கெர்னலில் ஏற்கெனவே போனது. பெண்டிங் என்றால் ஒருநாள் போகலாம் என்ற நம்பிக்கையில் இருப்பது. ஹேக் என்றால் போகவே போகாது என்று தெரிந்தே வைத்திருப்பது. இளைக்க வைக்கும் பேட்ச்களில் பல அந்த மூன்றாவதில்தான். "டீபுளோட்_ப்ராக்" என்று ஒன்று. ப்ராக் கோப்பு முறைமையில் ரவுட்டருக்குத் தேவைப்படாத தகவல் கோப்புகளைக் கழற்றிவிடும். எந்த மூலக் கெர்னல் பராமரிப்பாளரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ப்ராக் என்பது பயனர் நிரல்களோடு கெர்னல் செய்துகொண்ட வாக்குறுதி அல்லவா. ஆனால் ரவுட்டரில் எந்த நிரல் ஓடும் என்று நமக்குத் தெரியும். அதனால் அங்கே அது செல்லும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கால்சிம்ஸ் பேட்ச். கெர்னல் தன் குறியீட்டுப் பெயர்களின் அட்டவணையைச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. இந்தப் பேட்ச் அந்தச் சுருக்கத்தை நிறுத்திவிடுகிறது! ஏன் என்றால் கடைசியில் முழுக் கெர்னலும் எல்இசட்எம்ஏ என்ற முறையில் சுருக்கப்படுகிறது. ஏற்கெனவே சுருங்கியதை அதனால் மேலும் சுருக்க முடியாது, விரிந்து கிடந்தால் நன்றாகச் சுருக்கும். ஏஆர்71எக்ஸ்எக்ஸ் வகை ரவுட்டர் சிப்களில் சுமார் 9 கேபி மிச்சம் என்று பேட்ச் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்த நாள் முதல் சுருக்கப்படாத கெர்னல் கோப்பான விஎம்லினக்ஸின் அளவை வைத்து யாராவது பெருமை பேசினால் நம்புவதில்லை. ஃபிளாஷில் உட்காரப் போகும் கோப்பு எவ்வளவு, அதைச் சொல்லுங்கள்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபிளாஷ் 64 கேபி துண்டு துண்டாகத்தான் அழியும். அமைப்புகளைச் சேமிக்கும் ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறைமைக்குக் குறைந்தது ஐந்து துண்டு வேண்டும், அதாவது 320 கேபி. 4 எம்பியில் அது போக மிச்சம்தான் எல்லாவற்றுக்கும். எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும்போது 2 கேபி மிச்சம் பிடித்தால் ஒரு முழுத் துண்டு கிடைக்கும். இன்னொரு நாள் 30 கேபி வெட்டினாலும் ஒன்றும் கிடைக்காது. இமேஜ் "ரொம்பப் பெரிது" என்று பில்டு கடைசி வரியில் சொல்லும்போது எத்தனை பைட் தாண்டியது என்று பார்த்துவிட்டுத்தான் எதை வெட்டுவது என்று யோசிப்பேன்.

வேலைக்குப் போறவன்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். சிம் லிம் டவரில் 16 எம்பி ஃபிளாஷ் சிப் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்தீர்களா? இவ்வளவு பொறியாளர் நேரத்தைக் கொட்டி 9 கேபி மிச்சம் பிடிப்பது கணக்குக்கு ஒத்துவருகிறதா?

உபிக்காரன்

புதுப் பெட்டிக்கு ஒத்துவராது. நாங்களும் புது மாடலில் 32 எம்பி போட்டுவிட்டோம், அதற்கு இந்தப் பேட்ச் ஒன்றுகூடக் கிடையாது. கணக்கு பழைய பெட்டிகளுக்குத்தான். சிப் விலை சில்லறை. அதைச் சாலிடர் செய்து மாற்ற ஒரு கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறைக்கு அனுமதி வாங்கி, ஆள் அனுப்பி, திரும்ப மாட்டுவதுதான் செலவு. அதைப் போட்டுப் பாருங்கள், என் சம்பளம் மலிவு.

ஜூரோங் அண்ணன் சொன்னதை ஏற்றுத்தான் இந்த முறை இரண்டு பேட்ச்சை மேலே அனுப்பியிருக்கிறேன். பிரிண்ட்கே பேட்ச்சை மட்டும் அனுப்ப மாட்டேன். அது ரசிகர் சொன்ன ஹேக் வகை, எங்கள் பெட்டிக்கு மட்டும் பொருந்துவது.

பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு

அண்ணன்மாரே, இறுதியாண்டுப் புராஜெக்ட்டுக்கு இதே தலைப்பு எடுத்திருக்கிறேன். முடிந்த அளவு சின்னக் கெர்னலுக்கான கன்ஃபிக்கைத் தரும் "மேக் டைனிகன்ஃபிக்" கட்டளையைப் போட்டுத் தொடங்கினேன். கெர்னல் ஒரு எம்பிக்குக் கீழே வந்தது, பார்த்ததும் ஒரே குஷி. கணினியைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருளில் ஓட்டினால் கறுப்புத் திரை. என் ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, "பேசுவதற்கு வாயே கொடுக்கவில்லையே நீ" என்றார். பிரிண்ட்கே, டிடிஒய், 8250 சீரியல் கன்சோல் எல்லாம் சேர்த்த பிறகு பேச ஆரம்பித்தது, பேசிய கையோடு பேனிக், அதாவது கெர்னல் நின்றுவிட்டது. இனிட், அதாவது கெர்னல் முதலில் ஓட்டும் நிரல், எதுவும் ஓடவில்லையாம். இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கக் கோப்புகளின் தொகுப்பு) சேர்த்தாயிற்று, எல்ஃப் (நிரல் கோப்பு வடிவம்) ஆதரவும் சேர்த்தாயிற்று, ஆனாலும் அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய பிஸிபாக்ஸ் நிரல் ஓட மறுக்கிறது. என்ன விட்டேன்?

ஜூரோங் பழசு

64-பிட் கெர்னல் என்ற ஆப்ஷனைப் பாரும்மா. எக்ஸ்86-இல் டைனிகன்ஃபிக் அதையும் சேர்த்தே அணைத்துவிடும், கிடைப்பது 32-பிட் கெர்னல். உன் பிஸிபாக்ஸ் 64-பிட்டாக இருக்கும். ஒன்று பிஸிபாக்ஸை 32-க்கு ஸ்டாட்டிக்காகக் கட்டு, இல்லை அந்த ஆப்ஷனைத் திறந்துவிட்டு மறுபடி கன்ஃபிக் ஓட்டு. அளவு பற்றிய புராஜெக்ட் என்றால் இரண்டையும் கட்டி, சுருக்கிய இமேஜ் இரண்டின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் போடு. ரசிகர் சொன்ன கால்சிம்ஸ் சோதனையையும் செய்து பார், ஆனால் உன் கியூஎமு கெர்னல் எதில் சுருங்குகிறது என்று முதலில் பார்த்துக்கொள். ஜிசிப் என்ற வேறு சுருக்க முறை என்றால் எண் வேறாக வரும்.