வெள்ளி மணிக்கூட்டின் பின்மூடியில் வெட்டிய எழுத்து தேய்ந்துவிட்டது: படிக்க வழி உண்டா?

கொடிமணி:
எல்லோருக்கும் வணக்கம். லண்டன் பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய வெள்ளிக் கைமணிக்கூடு. கேஸின் குறுக்களவு 34 மி.மீ., வார் கோக்கக் கம்பி வளையம், எனாமல் முகப்பு, எண்களில் பழுப்பேறிய பூச்சு. முன்னும் பின்னும் கீலில் திறக்கும். ஓடுகிறது.

பின்மூடியின் வெளிப்பக்கத்தில் நாலு வரி. டார்ச்சை மேலே, 12 மணிப் பக்கம் பிடித்து எடுத்த படத்தில் எனக்குத் தெரிவது:

வரி 1: எம் 2 7 1 8 3 3 0 6
வரி 2: டபிள்யூ, ஒரு சின்னப் படுக்கைக் கோடு, பிறகு மங்கலாக நாலைந்து எழுத்து
வரி 3: ஏ.எஸ்.சி.
வரி 4: 1916

மூடியின் உட்பக்கம் 'ஜி.எஸ்.' என்ற முத்திரை, .925, சின்ன 'யு', லாடம் மாதிரி ஒரு குறி. ஊசியால் கீறியதுபோல '4.27' என்றும் இருக்கிறது.

ஜி.எஸ். என்பவர் டபிள்யூவுக்குக் கொடுத்த பரிசா? வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கினால் எழுத்து தெளியுமா? இல்லையென்றால் அதே கோட்டில் மறுபடி வெட்டக் கொடுக்கலாமா?

முள்ளும்_கல்லும்:
முக்காதீங்க. இதை முதல்ல சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம்.

வெள்ளி கறுக்கிறது சல்ஃபைடு படிவதால. மேட்டுப் பகுதி சட்டை உரசி உரசி வெளுத்துடும், பள்ளத்துல மட்டும் கறுப்பு தங்கும். அந்தக் கறுப்புதான் உங்களுக்கு மை. திரவத்துல முக்கினா பள்ளமும் மேடும் ஒரே வெள்ளை ஆயிடும், இப்ப தெரியறதும் போயிடும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு ஊறவைக்கிற வைத்தியத்துக்கும் இதே கதிதான். பாலிஷ் போடற பஃப் சக்கரத்துல பிடிச்சா இன்னும் மோசம்: பள்ளத்தோட விளிம்பு உருண்டுபோயிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மறுபடி வெட்டவும் வேண்டாம். அன்னைக்கு வெட்டினவர் உளியைச் சாய்ச்சுப் பிடிச்சு இழுத்திருப்பார். பள்ளம் 'வி' வடிவத்துல, ஆரம்பத்துல மெலிஞ்சு, நடுவுல பருத்து, முடிவுல மெலிஞ்சு இருக்கும். 10 மடங்கு பெரிசாக் காட்டற லூப் கண்ணாடில பாருங்க, தெரியும். நம்ம ஊர் எவர்சில்வர் குடத்துல பேர் வெட்டற அதிர்வு மெஷின் புள்ளி புள்ளியாக் குத்தும். அதை இதுமேல வைக்கிறது பாவம்.

சுத்தம் செய்யணும்னா, உலர்ந்த மிருதுவான பிரஷ்ஷால தூசியை மட்டும் தட்டுங்க. தண்ணி கிட்டயே வரக்கூடாது. இந்தக் கேஸ்ல ஈரத்தைத் தடுக்க எதுவும் கிடையாது.

இன்னொண்ணு: முன் கண்ணாடி வளையத்தைத் திறக்காதீங்க. பழுப்புப் பூச்சு, இருட்டுல ஒளிரறதுக்காகப் பூசின ரேடியமாத்தான் இருக்கும். ஒளிர்றது நின்னதுக்குக் காரணம் அதுல கலந்த துத்தநாக சல்ஃபைடு செத்துப்போனது. ரேடியம்-226க்கு அரை ஆயுள் 1,600 வருஷம், அதனால கதிர்வீச்சு இன்னும் அப்படியேதான் இருக்கு. உதிர்ந்த பொடி மூக்குல போகக்கூடாது.

சிம்மமுத்திரை:
உட்பக்கத்தை நான் சொல்கிறேன். ஜி.எஸ். உரிமையாளரும் இல்லை, பரிசளித்தவரும் இல்லை. ஸ்விஸ் கேஸ்களை லண்டன் முத்திரைச் சாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த ஜார்ஜ் ஸ்டாக்வெல்லின் பொறுப்பு முத்திரை அது. 1907 ஜூன் 1 முதல் பிரிட்டனுக்குள் வரும் வெள்ளி, தங்க வாட்ச் கேஸ் எல்லாம் அங்கேயே சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. இதே ஜி.எஸ். எத்தனையோ வாட்சுகளில் இருக்கிறது. இதை வைத்து 'கேப்டன் ஜி.எஸ்.' கதை சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள்!

நீங்கள் லாடம் என்பது சிம்ம ராசிக் குறி, அந்தக் காலத்தில் லண்டனில் இறக்குமதிப் பொருளுக்கு இட்டது. .925 வெள்ளியின் தரம். சின்ன 'யு' ஆண்டெழுத்து: 1915 மே முதல் 1916 மே வரை. வெளியே வெட்டிய 1916 இதோடு ஒத்துப்போகிறது. ஆண்டெழுத்துக்கு முந்தைய தேதி வெளியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கீறிய 4.27 பழுதுபார்த்தவர் தனக்காக வைத்த அடையாளம். 1927 ஏப்ரலாக இருக்கலாம். அதற்குமேல் அதில் எதுவும் தேட வேண்டாம்.

பொறிப்பு பின்னால் சேர்த்ததா என்று பார்க்க, பழைய கீறல் ஒன்று எழுத்தைக் கடக்கும் இடத்தை லூப்பில் பாருங்கள். கீறல் பள்ளத்தின் விளிம்பை வெட்டிக்கொண்டு போனால் எழுத்து முந்தியது. பள்ளம் கீறலைத் துண்டித்தால் எழுத்து பிந்தியது.

சாய்வொளி:
உங்கள் சிக்கல் தேய்மானம் பாதி, டார்ச் பாதி. ஒளி கோட்டுக்குக் குறுக்கே விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் விழும். கோட்டின் போக்கிலேயே விழுந்தால் கோடு மறைந்துவிடும். 12 மணியிலிருந்து மட்டும் ஒளி கொடுத்ததால் படுக்கைக் கோடுகள் தப்பின, நிமிர்ந்த கோடுகள் எல்லாம் போயின. இரண்டாம் வரியில் டபிள்யூவுக்குப் பிறகு வரும் படுக்கைக் கோடு 'எச்' எழுத்தின் குறுக்குக் கோடாக இருக்கும். அதன் இரண்டு கால்களைத்தான் காணோம். முதல் வரியின் 3களில் ஒன்று இடப்பக்கம் தொலைந்த 8 ஆகவும் இருக்கலாம்.

இருட்டறை. மூடியை மூடி, வாட்சைத் துணிமேல் வையுங்கள். போனை ஸ்டாண்டில் செங்குத்தாகப் பொருத்தி, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள். டார்ச்சைத் தரையோடு 5 முதல் 10 டிகிரி சாய்வில் பிடித்து, ஒவ்வொரு மணி இடத்திலிருந்தும் ஒன்றாக 12 படம். வாட்ச் அசையக் கூடாது. மூடி குவிந்திருப்பதால் ஒரு படத்தில் ஒரு பகுதிதான் தெளியும், ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று சுற்று. கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட் ஏற்றி, 12 மணிப் படத்தையும் 3 மணிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பட்டர் பேப்பர் வைத்து 6பி பென்சிலால் தேய்ப்பது ஆழமான வெட்டுக்குச் சரி. இவ்வளவு தேய்ந்ததற்கு உதவாது.

கொடிமணி:
சொன்னபடி எடுத்தேன். 3 மணி, 9 மணிப் படங்களில் 'எச்'சின் இரண்டு கால்களும் வந்துவிட்டன, சாய்வொளி அண்ணா. பெயர் முழுவதும் படிக்க முடிகிறது (இங்கே போடவில்லை). முதல் வரியில் இரண்டாவது 3 மூன்றேதான்; முதலாவதின் இடப்பக்கம் மெல்லிய நிழல் ஒன்று இருக்கிறது, 8 என்றே படுகிறது. இந்த வரி படைவீரர் எண் என்று நினைக்கிறேன். ஆனால் எம் 2 7 1 8 8 3 0 6 என்று ஒரு எண் இருக்குமா?

பதக்கஏடு:
7 என்று படிப்பது எண் இல்லை, சாய்கோடு. அதன் மேல்கொக்கி உளி இறங்கிய இடம். எம்2/188306 என்று படியுங்கள். ஏ.எஸ்.சி. என்றால் ஆர்மி சர்வீஸ் கோர், எம்2 என்பது அதன் மோட்டார் வண்டிப் பிரிவின் முன்னெழுத்து. 1918 கடைசியில்தான் 'ராயல்' பட்டம் கிடைத்து ஆர்.ஏ.எஸ்.சி. ஆனது, 1916க்கு வெறும் ஏ.எஸ்.சி.யே சரி.

அந்தக் காலத்து எண் படை முழுவதற்கும் பொதுவானது இல்லை. அதே 188306 பீரங்கிப் படையில் வேறொருவருக்கு இருந்திருக்கலாம். பெயர், எண், படைப்பிரிவு மூன்றையும் சேர்த்தே தேடுங்கள். முதலில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 372 தொகுப்பு, அதாவது முதல் உலகப் போர் வீரர்களின் பதக்க அட்டைகள். கிடைக்காவிட்டால் 8ஐ 3 ஆக மாற்றியும் தேடுங்கள். அட்டை கிடைத்தபின் டபிள்யூ.ஓ. 363இல் பணிப் பதிவைப் பாருங்கள்; 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் ஏறக்குறைய 60 சதவீதம் எரிந்துபோனது, அதில் இல்லாவிட்டால் ஓய்வூதியப் பதிவான டபிள்யூ.ஓ. 364.

போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைக் கடைசியாகப் பாருங்கள். அங்கே பெயர் இல்லையென்றால் நல்ல செய்தி, ஆள் திரும்பிவந்திருக்கிறார்.

கொடிமணி:
டபிள்யூ.ஓ. 372இல் 188306க்கு அந்தப் பெயரில் யாரும் இல்லை. 183306க்கு அதே குடும்பப் பெயர், அதே முதலெழுத்து, ஏ.எஸ்.சி.! அப்படியென்றால் இடப்பக்க நிழல்?

முள்ளும்_கல்லும்:
லூப்ல பாருங்க. அந்தக் கோட்டோட அடி 'வி' மாதிரி கூரா இல்லாம, தட்டையா ஓடினா அது கீறல்.

கொடிமணி:
தட்டைதான். கீழே அடுத்த வரி வரைக்கும் நீள்கிறது. அப்படியென்றால் கீறல்தான், எண் 183306.