எல்லாம் வெளிக்காரணம்தானா? திருப்பூரை வைத்து ஒரு சண்டை (இணையக் குழு ஒன்றில், 2025 செப்டம்பர் இறுதி)

ரிப்காலர்:
அக்கா பையன் பி.பி.ஏ. ரெண்டாம் வருசம். நேத்து ராத்திரி நோட்டோட வந்து உட்கார்ந்தான். "தொழிலைப் பாதிக்கும் புறக்காரணிகள்"னு ஆறு கட்டம் போட்டிருக்கு. அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், சுற்றுச்சூழல். கட்டத்துக்கு ஒரு உதாரணம் எழுதணுமாம். "மாமா, நீங்கதான் பனியன் கம்பெனி வெச்சிருக்கீங்களே, சொல்லுங்க"ன்னான்.

சொன்னேன். 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு வந்தது. எழுநூறுக்கு மேல பட்டறை நின்னுபோச்சு. எங்களுக்குத் தைக்க வரவேண்டிய துணி நிட்டிங்கோட நின்னு, சாயம் ஏறாம ரெண்டு மாசம் வெள்ளையாவே கிடந்தது. 2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ராத்திரி நோட்டு செல்லாதுன்னாங்க. நமக்கு சனிக்கிழமை சம்பளம், 42 பேருக்குக் கையில கொடுக்கணும். 2022 மே மாசம் பஞ்சு ஒரு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிச்சு. எனக்கு வேலை கொடுக்கறவர் ஒத்துக்கிட்ட ரேட்டு பழைய நூலுக்கு, அவர் வாங்கினது புது நூல். 2023 மார்ச்ல வடநாட்டுப் பசங்களை இங்க அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சு. எங்ககிட்ட 11 பேர் ஒரே ராத்திரியில ரயிலேறிட்டாங்க. இந்த வருசம், 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா போட்ட 50% வரி.

பையன் பேனாவை வெச்சுக்கிட்டு, "மாமா, வீடியோ எந்தக் கட்டம்?"னு கேட்டான். எனக்கும் தெரியலை.

இருபது வருசத்துல என் தப்பால நான் அடிவாங்கினது ரெண்டே தடவை. மிச்சமெல்லாம் வெளியிலிருந்து வந்ததுதான். "திறமை இருந்தா நிக்கலாம்"னு பேசறவங்க ஒரு வாரம் என் நாற்காலியில வந்து உட்காரட்டும்.

ஏர்ஷிப்மென்ட்:
அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நானும் இதே ஊர்தான், எக்ஸ்போர்ட் பண்றேன். காத்து எல்லார் வீட்டு மேலயும்தான் அடிச்சது. சில பேர் ஓடு மட்டும் ஏன் பறக்குது?

திருப்பூர் ஏற்றுமதியில அமெரிக்கா ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு. அப்ப ரெண்டு பங்கு வேற எங்கேயோ போகுதுதானே? 2019ல எனக்கும் எண்பது சதவீதம் ஒரே அமெரிக்க பையர். 2020 மார்ச்ல அந்தாளு ஒரே மெயில்ல எல்லாத்தையும் கேன்சல் பண்ணினான். அந்தக் கோடையில மாஸ்க் தைச்சு சம்பளம் கொடுத்தேன். அதோட புத்தி வந்துச்சு. ஐரோப்பா, இங்கிலாந்து, கொஞ்சம் ஆஸ்திரேலியான்னு பிரிச்சேன். விலை குறைவா இருந்தாலும் எடுத்தேன். இப்ப அமெரிக்கா எனக்குப் பதினைஞ்சு சதவீதம். வலிக்குது, ஆனா நிக்கிறேன்.

இன்னொண்ணு. 2024 ஆகஸ்ட்ல டாக்காவுல ஆட்சி கவுந்து ஃபேக்டரிங்க மூடிக் கிடந்தப்ப, அங்க போகவேண்டிய ஆர்டர்ல கொஞ்சம் இங்க வந்தது. அப்ப யாராவது வெளிக்காரணம்னு இங்க வந்து எழுதினாங்களா? ஒரு நாடு இவ்வளவு துணிதான் அனுப்பலாம்னு இருந்த கோட்டா முறை 2005 ஜனவரி 1ல ஒழிஞ்சு ஊரே வளர்ந்தது. அதையும் எல்லாரும் "எங்க உழைப்பு"ன்னுதான் சொல்றாங்க. நல்லது வந்தா நம்ம கெட்டிக்காரத்தனம், கெட்டது வந்தா உலகத்து சதி.

ரிப்காலர்:
டாக்கா விஷயம் சரி. ஒத்துக்கறேன்.

ஆனா நீங்க என்னை எக்ஸ்போர்ட்டர்னு நினைச்சுட்டீங்க. நான் ஜாப் ஒர்க் தம்பி. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், அவ்வளவுதான். என் பையர் நியூயார்க்ல இல்லை, அவிநாசி ரோட்டுல இருக்கார். நீங்க நாடு மாத்தலாம், நான் எங்க போய் மாத்தறது?

ஆகஸ்ட் கதையைச் சொல்றேன். 12,000 ரவுண்ட் நெக் டி-ஷர்ட். கட்டிங் முடிஞ்சு பண்டில் கட்டி, நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, தைக்கற பவர் டேபிள்ல ஏறியாச்சு. 27ஆம் தேதிக்கு முன்னாடி கப்பல்ல ஏறி, செப்டம்பர் 17க்குள்ள அங்க கஸ்டம்ஸ் தாண்டற சரக்குக்கு புதுசா வந்த கூடுதல் 25% கிடையாதுன்னாங்க. அதனால முதல் 5,000 பீஸை ஒன்றரை ஷிப்ட் ஓட்டி, ஞாயித்துக்கிழமையும் ஓட்டி அனுப்பினோம். மிச்சம் 7,000க்கு வாட்ஸ்அப்ல ஒரே வார்த்தை: "ஹோல்டு". அது இன்னும் குடோன்லதான் இருக்கு. அட்டைப்பெட்டியில அமெரிக்காக் கடை பேரு, டேக்ல டாலர் விலை. லேபிளை வெட்டிட்டு இங்க காதர்பேட்டை சந்தையில தள்ளலாம்னா, சரக்கு என்னுது இல்லை. கூலி மட்டும்தான் என்னுது, அதுவும் இன்னும் வரலை.

இந்த 2025 ஆகஸ்ட் வரிக் கணக்கையும் போட்டுடறேன். காட்டன் டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவுல ஏற்கனவே 16.5% வரி. அது மேல 50. மொத்தம் 66.5. நாலு டாலர் பீஸுக்கு 2.66 டாலர் வரி. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் மேல்வரி 20தான், அவங்களுக்கு 1.46. வித்தியாசம் 1.20 டாலர், நம்ம காசுல நூறு ரூபாய்க்கு மேல. என் தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்தே பீஸுக்கு 28 ரூபாய். நான் ஒரு பைசா வாங்காம தைச்சுக் கொடுத்தாலும் அந்தப் பள்ளம் அடையாது. இருந்தும் எக்ஸ்போர்ட்டர் என்னைத்தான் கூப்பிட்டு, "மூணு ரூபா குறைச்சுக்கங்க, எல்லாருக்கும் கஷ்டம்தானே"ன்னார்.

கணக்குப்பிள்ளை:
நண்பரே, கூலி வரவில்லை என்கிறீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறதே. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 2023 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் பிடி இறுகியிருக்கிறது. கெடு தாண்டிய பாக்கியை, தரவேண்டியவர் உண்மையில் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். புறக்காரணி என்றால் கெடுதல் மட்டும்தானா? இதுவும் வெளியிலிருந்து வந்ததுதான்.

ஏற்றுமதியாளர்களுக்கும் ஒரு சொல்: டாலர் ஏற்ற இறக்கத்துக்கு ஃபார்வர்டு கவர் (பின்னால் வரும் டாலருக்கு வங்கியோடு இன்றே விலை பேசி வைப்பது) எடுத்து வைத்தால் பாதித் தலைவலி போகும்.

ரிப்காலர்:
அய்யா, கேஸ் போட்டா வட்டியோட வரும்தான். அடுத்த ஆர்டரை யார் கொடுப்பா? அந்த வருமான வரி மாத்தம் வந்தப்ப எனக்கு ரெண்டு இடத்துல என்ன சொன்னாங்க தெரியுமா? "உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, அப்பத்தான் வேலை." என்னைக் காப்பாத்த வந்த சட்டம், என்னை வேலைக்கு வேண்டாதவனாக்கிடுச்சு.

ஏர்ஷிப்மென்ட்:
ஃபார்வர்டு கவர்னு யாராவது சொன்னாலே எங்கப்பாவுக்கு வியர்க்கும். 2007ல டாலர் 44லிருந்து 39க்கு இறங்கினப்போ, பேங்க்காரங்க வந்து சுவிஸ் ஃப்ராங்க், யென்னுன்னு ஜோடி கட்டி, பந்தயம் மாதிரி டெரிவேட்டிவ் ஒப்பந்தம் வித்துட்டுப் போனாங்க. நாம விக்கறது டாலர்ல, அதுல சுவிஸ் ஃப்ராங்க் எங்கிருந்து வந்துச்சு? 2008 முடியறப்போ டாலர் 50. ஏறின டாலர்ல சம்பாதிக்க வேண்டிய வருசத்துல ஊர்ல பல பேர் பேங்க் மேல கேஸ் போட்டுக்கிட்டு கோர்ட் வாசல்ல நின்னாங்க. சாதா ஃபார்வர்டு நல்லதுதான், அது வேற. ஆனா பாருங்க, அதுவும் வெளிக்காரணம் இல்லை. ஆசை.

நொய்யல்கரை:
ரொம்ப நேரமாப் படிச்சிட்டிருக்கேன். நான் கம்பெனிக்காரன் இல்லை. சென்னிமலைப் பக்கம், திருப்பூர் வழியா வர்ற நொய்யல் ஆத்து மேல கட்டின ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ எங்க தோட்டம்.

ரிப்காலர் தம்பி, 2011ல கோர்ட் உங்களை அடிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. முன்னாடி நடந்ததை நான் எழுதறேன். 1992ல அணை கட்டினாங்க. எங்கப்பா ரெண்டு ஏக்கர் மஞ்சள் போடலாம்னு கணக்குப் போட்டிருந்தார். அணையில வந்து நின்னது உங்க சாயத்தண்ணி. ஒரு வாரம் கருநீலம், ஒரு வாரம் ரத்தக் கலர். எந்த நாட்டுல என்ன கலர் ஃபேஷன்னு எங்க வாய்க்காலைப் பார்த்தே சொல்லிடலாம். கிணத்துத் தண்ணியில ஆடு மூஞ்சியை வெச்சுட்டு, குடிக்காம திரும்பிடும். தென்னை மட்டை காஞ்சு தொங்கிச்சு. பாசனத்துக்குக் கட்டின அணையைத் திறந்துடாதீங்கன்னு விவசாயியே கெஞ்சின கதை வேற எந்த ஊர்ல நடந்திருக்கும்?

எங்க ஆயக்கட்டுக்காரங்க கோர்ட்டுக்கு நடந்தாங்க. 2006ல ஐகோர்ட், 2009ல சுப்ரீம் கோர்ட்: ஒரு சொட்டுக் கழிவு வெளியே வரக்கூடாதுன்னு தீர்ப்பு. அதுக்கப்புறமும் அவகாசம், அவகாசம். கடைசியிலதான் 2011. உங்களுக்கு அது ஜனவரி மாசம் திடீர்னு அடிச்ச புயல். எங்களுக்கு இருபது வருசம். நீங்க நோட்டுல எழுதற அந்தப் புறக்காரணி எங்களுக்கு யாருன்னு பையன்கிட்ட கேளுங்க.

ஏர்ஷிப்மென்ட்:
அய்யா சொல்றதுல மறுக்க ஒண்ணுமில்லை. ஆனா ஒரு விஷயம். அந்த உத்தரவாலதான் கழிவுத்தண்ணியை வடிகட்டற ஆர்.ஓ., காய்ச்சற எவாப்பரேட்டர் எல்லாம் போட்டு, தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுக்கற ஊரா ஆனோம். இன்னிக்கு ஐரோப்பிய பையர் வந்தா அவனுக்கு முதல்ல அதைத்தான் காட்டறோம். சாயக்கூலி ஏறிச்சு, பட்டறை பல மூடிச்சு, உண்மை. ஆனா அடிச்ச அடி இன்னிக்கு விக்கற சரக்காயிடுச்சு. நான் முதல்லருந்து சொல்றது இதைத்தான்.

நொய்யல்கரை:
காட்டுங்க, வேண்டாங்கலை. அதோட கோர்ட் தீர்ப்பு நகலையும் காட்டுங்க. உங்க புத்தியில உதிச்சதுன்னு அவன் நினைச்சுடப் போறான்.

இன்னொண்ணும் சொல்லிக்கறேன். 2025 ஆகஸ்ட் 19ல பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11% வரியை எடுத்தப்போ ஊர்ல சந்தோசமாப் பேசிக்கிட்டாங்க. அப்புறம் அந்த வருசம் டிசம்பர் வரைக்கும் நீட்டினாங்க. அறுவடை வர்ற நேரம் அது. பருத்தி போட்டவன் வீட்டுல போய் அதுக்கு என்ன பேருன்னு கேளுங்க.

பேட்லாக்_சாந்தி:
அண்ணா எல்லாரும் பெரிய பெரிய விஷயமாப் பேசறீங்க. நான் டைலர். செப்டம்பர் முதல் வாரம் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆச்சு. மூணாவது வாரம், வாரத்துக்கு நாலு நாள்னு சொல்லிட்டாங்க. ட்ரம்ப் யாருன்னு எனக்குத் தெரியும், டி.வி.யில வர்றாரு. ஆனா எங்கிட்ட வந்து சொன்னது சூப்பர்வைசர்தான். வீட்டு வாடகை, பையன் படிப்பு பீஸ் எதுவும் நாலு நாள் கணக்குக்கு இறங்கலை. நல்ல சீசன்ல ஒன்றரை ஷிப்டுக்கு மேல உட்காரச் சொன்னப்போ, "இந்த வருசம் நல்லா போகுது, பீஸ் ரேட் ஏத்தித் தர்றோம்"னு ஒரு தடவையும் யாரும் சொன்னதில்லை.

ஏர்ஷிப்மென்ட்:
இது நியாயமான அடி. எனக்கும் சேர்த்துத்தான்.

ஆனா ரிப்காலர் அண்ணா, கேட்டே ஆகணும். மூணு ரூபாய் குறைக்கச் சொன்னாங்கன்னு எழுதினீங்க. குறைச்சீங்களா? குறைச்சிருந்தா அந்த மூணு ரூபாயை எங்கிருந்து எடுத்தீங்க?

ரிப்காலர்:
அரை நாளா இந்தக் கேள்வியைப் பார்த்துட்டு பதில் எழுதாம இருந்தேன்.

குறைச்சேன். 28 ரூபாய் 25 ஆச்சு. வாடகை இறங்காது. கரண்ட்டு 2022 செப்டம்பர்ல ஏறினதுதான், இறங்கற வழியில்லை. பீஸ் ரேட்ல 1.50 எடுத்தேன். மிச்சம் என் கையிலிருந்து. சாந்தி அம்மணி எங்க கம்பெனி இல்லை, ஆனா எங்க கம்பெனியிலயும் ஒரு சாந்தி இருக்காங்க.

நொய்யல்கரை அண்ணாவுக்கு: நான் சாயப்பட்டறைக்காரன் இல்லை, தைக்கறவன்னு எழுதப் போனேன். அப்புறம் அழிச்சுட்டேன். அந்தக் கருநீலத் துணியை நானும்தான் தைச்சேன்.

ஆனா தம்பி, ஒண்ணுல நான் இன்னும் மாறலை. பையரைப் பிரி, நாட்டைப் பிரின்னு நீங்க சொல்றது முதல் போட்டவனுக்குச் சரி. மேல இருக்கறவனுக்கு அடி விழுந்தா அதைக் கீழ தள்ளிவிட ஒரு ஆள் இருக்கான். அந்த ஆள் நான். எனக்குக் கீழயும் ஆள் இருக்குன்னு இன்னிக்கு ஒத்துக்கிட்டேன். ஆனா சங்கிலியில நடுவுல நிக்கறவனைப் பார்த்து "நீ திட்டம் போடலை"ன்னு சொல்றது லேசு.

ஏர்ஷிப்மென்ட்:
இங்கிலாந்தோட வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலை 24ல கையெழுத்தாயிருக்கு. அது அமலுக்கு வந்தா அங்க இருக்கற 9.6% வரி பூஜ்யமாகும், பங்களாதேஷோட சமமா நிப்போம். எனக்கு அங்கிருந்து ரெண்டு சாம்பிள் கேட்டிருக்காங்க. ஆர்டர் ஆச்சுன்னா தையலுக்கு ஆள் வேணும். 28க்கே பேசலாம். தனிச் செய்தியில நம்பர் அனுப்புங்க.

கணக்குப்பிள்ளை:
எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். 45 நாள்.

பிபிஏ_மாப்பிள்ளை:
மாமா, நான்தான். இதையெல்லாம் படிச்சுட்டு சார்கிட்ட கேட்டேன். கட்டத்துக்கு ஒரு வரி போதும், ரெண்டு மார்க்தான்னார். சட்டத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒரே உதாரணம் எழுதலாமா?

ரிப்காலர்:
எழுது. பக்கத்துல ஆடு தண்ணி குடிக்கலைன்னும் எழுது.

ஏர்ஷிப்மென்ட் தம்பி, நம்பர் அனுப்பிட்டேன். நாளைக்கு ஆயுதபூஜை. பசங்க மிஷின் துடைச்சிட்டிருக்காங்க, பொரி வாங்கப் போகணும். ஒண்ணாம் தேதியும்கூட, மில்லுல நூல் ரேட்டு சொல்வாங்க. அதுல உங்க ஆர்டர் கட்டுமான்னு நீங்க பாருங்க, 28 கட்டுமான்னு நான் சொல்றேன்.