தங்கையின் விவரங்கள் முகநூலில்: நீக்குவது எப்படி?

குழு உறவுகளுக்கு வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியில் தங்கை படிக்கும் தனியார் வகுப்பு, மாணவர்களின் விண்ணப்பப் படிவங்களைப் படமெடுத்து "புதிய அணி" என்று முகநூலில் பெருமையாகப் போட்டிருக்கிறது. பெரிதாக்கினால் முகவரி, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் துலக்கமாகத் தெரிகின்றன. இலங்கையின் புதிய அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். பிறந்த திகதியைத் தனியே கேட்கவே தேவையில்லை! இரவில் முன்பின் தெரியாதவர்களின் வாட்ஸ்அப் அழைப்புகள் வேறு. நிர்வாகியோ, "விளம்பரம்தானே தம்பி" என்கிறார். முகநூலில் முறையிட்டேன், விதிமீறல் இல்லையாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தால் பலன் இருக்குமா? மட்டக்களப்பில் யாராவது அப்படிக் கொடுத்திருந்தால் அதன் மாதிரியைத் தாருங்கள். படத்தை இங்கே பகிரமாட்டேன், கேட்காதீர்கள்.