35 ஆண்டு வீட்டைப் புதுப்பித்தல்: செலவு 60 விழுக்காடு, வேலை எத்தனை விழுக்காடு?

கேள்வி

வணக்கம். 35 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட எங்கள் மாடி வீட்டைப் பெரிய அளவில் புதுப்பிக்கத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. மின்கம்பிகளையும் தண்ணீர்க் குழாய்களையும் முழுவதும் மாற்றுவது, இரண்டு குளியலறைகளைப் புதிதாக அமைப்பது, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிடுவது, இரு தளங்களுக்கும் புதிய தரை போடுவது என்பவை திட்டத்தின் முக்கியப் பகுதிகள். ஒதுக்கி வைத்த தொகையில் 60 விழுக்காடு செலவாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் நின்று பார்த்தால் இடித்த சுவர்களும், குழாய் பதிக்க வெட்டிய காடிகளும், மூலையில் அடுக்கிய டைல்ஸ் பெட்டிகளும் தவிர முடிந்த வேலை என்று சொல்ல ஓர் அறைகூட இல்லை.

இதற்கிடையில் மாடிக் குளியலறைக்கு நேர்கீழே கூரைப் பூச்சு உப்பியிருப்பதைக் கொத்தனார் காட்டினார். சுத்தியலின் பிடியால் அவர் தட்டிக்கொண்டே வந்தபோது ஓரிடம் வரை கெட்டியாக ஒலித்தது, அதற்கப்பால் வெறும் பானையைத் தட்டியதுபோல் கேட்டது. இரண்டு அடி போட்டதும் கான்கிரீட் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளிருந்த கம்பியை விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. மேலே குளியலறைத் தரையைத் தோண்டியபோது, தளத்தைத் தாழ்த்திக் கட்டிய பள்ளத்தில் நிரப்பியிருந்த செங்கல் துண்டுகள் அத்தனையும் நீரில் ஊறிக் கிடந்தன.

கம்பியைத் தேய்த்துவிட்டுச் சிமென்ட் கலவை பூசினால் போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். அடுத்த தவணையையும் உடனே கேட்கிறார். பூச்சு மட்டும் போதுமா, தவணையைக் கொடுக்கலாமா, கையிலிருக்கும் தொகைக்குள் முடிக்க எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (கட்டமைப்புப் பொறியாளர்)

பூச்சு போதாது. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. புதிய கான்கிரீட்டில் அந்தக் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 12.5-க்கு மேல் இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவும்போது அது 9-க்கும் கீழே இறங்கிவிடும். அதன்பின் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் 6 மடங்கு வரை அதிக இடத்தைப் பிடிக்கும் என்பதால், அந்த நெருக்கத்தில் கான்கிரீட் பிளந்து பாளமாக விழுகிறது. துருவின் மேலேயே கலவையைப் பூசினால் உள்ளே அரிப்பு தொடரும். பூசிய கலவையும் ஒருநாள் பெயர்ந்து விழும்.

முதலில் அந்தக் கூரைக்கு முட்டுக் கொடுங்கள். பொள்ளலாக ஒலிக்கும் பகுதி முழுவதையும், கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தியெடுத்து, கம்பியைப் பளபளக்கும் வரை சுத்தம் செய்துவிட்டு அதன் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். இந்த அளவை யாரும் எளிதாக எண்ணிவிடக் கூடாது: 10 மில்லிமீட்டர் கம்பி 8 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது என்று தோன்றும், ஆனால் சுமை தாங்கும் குறுக்குப் பரப்பில் 36 விழுக்காடு போய்விட்டது என்பதே உண்மை. அத்தகைய இடங்களில் பக்கத்தில் புதிய கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். எத்தனை, எவ்வளவு நீளம் என்பதை நேரில் பார்க்கும் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்வார். அதன்பின் துருத்தடுப்புப் பூச்சு, பழைய கான்கிரீட்டோடு ஒட்டவைக்கும் பூச்சு, பாலிமர் கலந்த பழுதுநீக்கும் கலவை என்ற வரிசையில் வேலை நடக்க வேண்டும். மேலேயுள்ள நீர்க்கசிவை அடைக்காமல் இவற்றில் எதைச் செய்தாலும் பணம் வீண்.

சமையலறைச் சுவரில் இன்னும் கை வைக்கவில்லை என்றால் அப்படியே நிறுத்துங்கள். அது மாடியின் சுமையைத் தாங்கும் சுவராக இருந்தால், அதை எடுப்பதற்கு முன் உத்தரமும் அதைத் தாங்கத் தூண்களும் தேவைப்படும். தூண்களுக்கு அடித்தளமும் வேண்டியிருக்கலாம். சுவரை இடிக்கும் கூலி இந்தச் செலவில் சிறு பகுதிதான்.

மறுமொழி 2 (சொந்த வீட்டைப் புதுப்பித்தவர்)

உங்கள் நிலையில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் மனம் திறந்து எழுதுகிறேன். 60 விழுக்காடு செலவாகியும் எதுவும் கண்ணில் படவில்லை என்பது மட்டுமே ஏமாற்றத்துக்கு அடையாளம் ஆகாது. இடிப்பது, இடிபாட்டை அகற்றுவது, குழாய், வயரிங் எல்லாம் முன்பாதியில் வரும் செலவுகள். இவை முடிந்தபின் சுவருக்குள் மறைந்துவிடும். ஆனால் 'செலவானது' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு தொகைகள் இருக்கின்றன. முடிந்த வேலைக்குக் கொடுத்தது ஒன்று, வாங்கி வைத்த பொருளுக்குக் கொடுத்தது இன்னொன்று, இன்னும் தொடங்காத வேலைக்கு முன்பணமாகப் போனது மூன்றாவது. அவற்றைத் தனித்தனியே எழுதிப் பார்க்கும் வரை அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்.

நான் ஜன்னல் வேலைக்கு முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுத்துவிட்டு, சட்டங்கள் வராமல் ஒரு மழைக்காலம் முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தேன். அந்த விரிப்பு இரவெல்லாம் படபடத்த ஓசை இன்றும் நினைவிருக்கிறது. அதன்பின் ஒப்பந்தத்தையே மாற்றி எழுதினோம். நாள் கணக்கில் தவணை கேட்பதற்கு மாறாக, அளந்து பார்த்த வேலைக்கு மட்டும் பணம். ஒவ்வொரு பில்லிலும் 5 முதல் 10 விழுக்காட்டை நிறுத்திவைத்து, குறைகளைச் சரிசெய்தபின் கொடுப்பது. கூடுதல் வேலை எதுவானாலும் அளவும் விலையும் எழுதிக் கையெழுத்தான பிறகே தொடங்குவது. ஒப்பந்ததாரர் முதலில் முகம் சுளித்தாலும் பிறகு அவருக்கும் இதுவே வசதியாகிவிட்டது. பணம் எப்போது வரும் என்பதில் அவருக்கும் ஐயம் இல்லாமல் போயிற்று.

மறுமொழி 3

முடிந்த வேலை என்று கணக்கில் எழுதுமுன் சோதித்துவிடுங்கள் என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். குழாய்களை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தாமல் காடியை மூட விடாதீர்கள். மூடுவதற்கு முன், சுவரில் அளவு நாடாவை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்து வைத்தால், பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் உதவும். குளியலறையில் நீர்க்காப்புப் பூச்சு காய்ந்தபின் வெளியேறும் துளைகளை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டுங்கள். கீழ்க்கூரையில் ஈரத்தின் அறிகுறி தெரியாவிட்டால்தான் டைல்ஸ். சுவரின் சிமென்ட் பூச்சு வேலைக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும், அதன்பின் நன்கு காய ஏறத்தாழ நான்கு வாரம் விட்டே பெயின்ட் அடிக்க வேண்டும். தாமதம் என்று நினைத்து இந்த நாள்களைக் குறைத்தால் ஓதமும் உப்புப் பூப்பதும் சுவரில் வந்து நிற்கும்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. முட்டுக் கொடுத்தாயிற்று. நேற்று உட்கார்ந்து கணக்கைப் பிரித்தோம். ஒதுக்கிய தொகையை 100 என்று கொண்டால், கொடுத்த 60-இல் முடிந்த வேலைக்குப் போனது 31 மட்டுமே. பொருளாக இருப்பது 14, முன்பணமாக நிற்பது 15. அந்த 31-லும் 6, தொடக்கத் திட்டத்தில் இல்லாத கூடுதல் வேலைகளுக்குப் போனது. ஆகவே திட்டமிட்டதில் கால் பங்குதான் முடிந்திருக்கிறது. மீதமுள்ள 75-உடன் கூரைப் பழுதுக்குப் பொறியாளர் மதிப்பிட்ட 9-ஐச் சேர்த்தால் 84 வேண்டும். கையிருப்பு, பொருள், முன்பணம் மூன்றும் சேர்ந்து 69 தான் இருக்கிறது.

15 குறைகிறது என்று காகிதத்தில் பார்த்தபோது வருத்தமாக இருந்தாலும், ஐந்து மாதமாக இருந்த குழப்பம் நீங்கியது. சுவர் சுமை தாங்கும் சுவர்தான் என்று பொறியாளர் உறுதிசெய்துவிட்டதால் அதை எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டோம், 6 மிஞ்சியது. பொய்க்கூரை வேண்டாம் என்றதில் 4, பழைய சமையலறை அலமாரிகளையே சீர்செய்து பயன்படுத்துவதில் 5. பற்றாக்குறை அத்துடன் தீர்ந்தது. இன்னும் தோண்டாத இரண்டாவது குளியலறையில் என்ன காத்திருக்கிறதோ என்பதால், மாடியின் தரை வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி, அந்த 8-ஐத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். ஒப்பந்ததாரரிடமும் பேசினோம். முன்பணமாக நிற்கும் 15-க்கு வேலை முடியும் வரை புதிய தவணை கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை கூரைக் கம்பிகளை அளக்கப்போகிறோம். அளவுகளை இங்கே பதிகிறேன்.