புதுப்பிப்பு: துருப்பிடித்த சைலன்சர் நட் கழன்றுவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, பெசன்ட் நகர் உப்புக்காற்றில் வண்டி நின்று நின்று, சைலன்சர் பைப்பை என்ஜின் ஹெட்டோடு பிடிக்கும் இரண்டு நட்டும் இறுகிப்போனது பற்றி. இரண்டும் வெளியே வந்தாச்சு!

முதல் நட்டுக்கு மூன்று ராத்திரி துரு எண்ணெய் விட்டேன். பிறகு ஆறுமுனை சாக்கெட்டால் முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, அப்புறம் கழற்றும் பக்கம். கால் சுற்று, திரும்பவும் எண்ணெய். பொறுமைதான் வேலை செய்தது.

இரண்டாவதில் ஸ்டட்டே (ஹெட்டில் பதிந்திருக்கும், நட்டு ஏறும் மரைக்கம்பி) ஒடிந்தது. மனசே உடைந்துபோச்சு. ஒடிந்த துண்டில் துளை போட்டு, உள்ளே திருகி வெளியே எடுக்கும் ஈஸி அவுட் கருவியைப் போடச் சொன்னீர்கள். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது என்பதால் தவிர்த்தேன். புதுப்பேட்டையில் ஒரு லேத் அண்ணன், பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, நீட்டியிருந்த துண்டின்மேல் புது நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். அந்தச் சூடு மரைக்குள் இறங்கித் துருவின் பிடியை உடைத்தது. கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பேனர் போட்டார், சுற்றிக்கொண்டே வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

மரை வெட்டும் 8 மி.மீ. டேப் கருவியால் ஹெட்டின் மரையைச் சுத்தம் செய்து, புது ஸ்டட்டில் காப்பர் கிரீஸ் தடவி, புகை கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட்டும் மாற்றியாச்சு. அலுமினிய ஹெட்டில் இரும்பு ஸ்டட், கூடவே உப்பு ஈரம் சேர்ந்தால் அரித்து இறுகிவிடும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கிரீஸை விட்டுவிடாதீர்கள். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.