சிலைடில் இருந்தது யார்? (மலேசியா, லுக்குட் வட்டார அனுபவங்கள்)

லுக்குட் பையன்

பன்றிகளிடமிருந்து தொற்றி மூளையைத் தாக்கிய நிப்பா கிருமியின் காலத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது பரவிய புக்கிட் பெலாண்டோக் நமக்கு மோட்டார் சைக்கிளில் போகும் தூரம்தான். நான் பிறகு கோலாலம்பூரில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். மெழுகில் பதித்த சதையை நாடாவாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுக்கும் வேலை.

ஒருநாள் பயிற்சி டாக்டர்களுக்காக அப்படி ஒரு கண்ணாடிச் சிலைடை எடுத்து வைத்திருந்தார்கள். மூளைத் திசு, நிப்பா என்று சொன்னார்கள். எல்லாரும் கிளம்பியதும் நான் குனிந்து பார்த்தேன். சாயத்தில் எல்லாம் இளஞ்சிவப்பு. நடுவில் ஒரு சின்ன ரத்தக் குழாய். அதன் உட்சுவரில் இருக்கும் செல்கள் தனித்தனியாக இல்லை, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பெரிய செல்லாகிவிட்டிருந்தன. உள்ளே ஊதா நிறத்தில் உட்கருக்கள் கூட்டமாக. குழாய் அடைபட்டு, சுற்றிலும் இருந்த மூளை செத்துப்போயிருந்தது.

ஓரத்தில் வெறும் எண்தான் இருந்தது. எங்கள் தோட்ட லயத்திலிருந்து பன்றிப் பண்ணைக்கு வேலைக்குப் போனவர் ஒருவர், என் பள்ளித் தோழனின் அப்பா, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவராக இருக்குமோ? கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. தோழனைப் பாசாரில் அடிக்கடி பார்க்கிறேன். அவனிடம் இதைச் சொல்லலாமா என்று இன்னும் தெரியவில்லை.

மூணாம் லயம்

சொல்லாதீர்கள் அண்ணே. தெரிந்து அவர் என்ன செய்யப்போகிறார்?

என் மாமாவும் பண்ணையில் வேலை செய்தவர்தான். ஆனால் பிழைத்துக்கொண்டார். அப்போது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொல்லி ஊசி போட்டார்கள், கொசுவுக்குப் புகை அடித்தார்கள். எங்கள் பாட்டி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்: "கொசுன்னா பிள்ளைங்களையும்தானே கடிக்கும்? பண்ணைக்குப் போன ஆம்பளைங்க மட்டும் ஏன் விழுறாங்க?" படிக்காத மனுஷி.

அப்புறம் மாமாவை மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் மூளை முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். மாமா விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்துவிட்டார். டாக்டர் அவர் எண்ணி முடிக்கும்வரை பேசாமல் நின்றார். அதுதான் எனக்கு மறக்கவில்லை.

செம்பனை மணி

பாட்டி கேட்ட கேள்வியை டாக்டர்களும் கேட்டார்கள். இப்போது உட்கார்ந்து குறை சொல்வது சுலபம். தொடக்கத்தில் சிலருடைய ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான அறிகுறி நிஜமாகவே இருந்தது. பன்றி அந்தக் கிருமியையும் பெருக்கும். அதனால்தான் குழப்பம். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரைச் செல்களில் வளர்த்தபோது அந்தச் செல்கள் ஒட்டிக்கொண்டன. லுக்குட் பையன் பார்த்ததும் அதே வேலைதான். மாதிரியை அமெரிக்காவுக்கு எடுத்துப் போய் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே இது வேறு குடும்பத்துக் கிருமி என்று முடிவானது. நம் நாட்டில் 265 பேருக்கு வந்து 105 பேர் போனார்கள். சிங்கப்பூரில் பன்றி வெட்டும் கூடத்தில் 11 பேருக்கு வந்தது.

அப்புறம், சிலைடைப் பற்றி ஒன்று. இறந்த 32 பேரின் திசுக்களைப் பார்த்து எழுதிய ஆய்வு 2002இல் வந்தது. சிலைடு அவர்களில் யாருடையதாகவும் இருக்கலாம். ஆக, அது உங்கள் ஆள் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

என் அனுபவமா? பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது என்று தெரிந்ததிலிருந்து, மரத்தடியில் விழுந்த கடித்த மாம்பழத்தை ஆட்டுக்குப் போடுவதில்லை. அவ்வளவுதான்.

லுக்குட் பையன்

காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும் மணி அண்ணே. தெரிந்தால் போய்விடுமா?

கோமதி அக்கா

நிப்பா இல்லை, என் சொந்தக் கதை. மார்பில் ஒரு கட்டி. தடித்த ஊசியை உள்ளே விட்டு 'டக்' என்று ஒரு சத்தம். நர்ஸ் அதை ஒரு சின்னப் போத்தலில் போட்டாள். சேமியாத் துண்டு மாதிரி வெள்ளையாக ஒன்று, கொஞ்ச நேரம் நின்று மெதுவாகக் கீழே போனது. போத்தலில் என் பெயர். அதை என் கைக்கு எட்டும் மேசையிலேயே வைத்துவிட்டு, அவள் அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டாள். ஊசி குத்தினால் பரவும் என்று கொழுந்தியா பயமுறுத்தி அனுப்பியிருந்தாள் வேறு.

ரவாங் தம்பிராஜா

அக்கா, கொழுந்தியா பேச்சைக் கேட்காதீர்கள். சந்தேகமான கட்டிக்கு உலகம் முழுக்க இதுதான் வழி. மெல்லிய ஊசியில் உறிஞ்சினால் தனிச் செல்கள் மட்டும் வரும். தடித்த ஊசியில் சதையே வரும், செல்கள் எப்படி அடுக்கி இருக்கின்றன என்று பார்க்கலாம். புற்று இடம் மீறியதா என்று சொல்ல அந்த அடுக்கு வேண்டும். போத்தலில் இருப்பது ஃபார்மலின், சதை அழுகாமல் காக்கும். பிறகு மெழுகுக் கட்டியாக்கிவிடுவார்கள். அந்த மெழுகுக் கட்டியைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், தூக்கிப் போட மாட்டார்கள். வேறு டாக்டரிடம் காட்ட நினைத்தால் சிலைடையோ மெழுகுக் கட்டியையோ அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், சதையை மறுபடியும் எடுக்க வேண்டியிருக்காது. அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். பயிற்சிக்கோ ஆராய்ச்சிக்கோ எடுத்துக்கொள்ளலாமா என்று தாளில் கேட்டால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உப்புக் குறைத்துச் சாப்பிடுங்கள்.

எனக்கு ஒருமுறை மச்சம் வெட்டினார்கள். ஒன்றும் இல்லை.

ஓய்வு டிரஸ்ஸர்

உப்புக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம் தம்பி?

என் பங்குக்கு ஒன்று. தோட்டத்தில் யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் போவோம். பகலில் எடுத்தால் அந்த நோயைத் தரும் புழு அகப்படாது, இருட்டிய பிறகுதான் மேல் ரத்தத்துக்கு வரும். தூங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்பினால் திட்டு விழும். ஒரு மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) கதவையே திறக்கவில்லை. அவருடைய மகன் மட்டும் பின்வாசல் வழியாக வந்து விரலை நீட்டினான். சாயம் போடாமல் சொட்டை அப்படியே வைத்துப் பார்த்தேன். புழு நெளிந்து சிவப்பணுக்களை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தது. பையன் நானும் பார்க்கட்டுமா என்றான். காட்டினேன். "இது என்கிட்டயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அப்பாவைக் கூட்டி வர ஓடினான்.

மூணாம் லயம்

மண்டோர் வந்தாரா ஐயா?

ஓய்வு டிரஸ்ஸர்

வந்தார். ஊசியைப் பார்த்ததும் திரும்பிப் போனார். மறுநாள் மகனே இழுத்து வந்தான்.

கோமதி அக்கா

தம்பிராஜா, அறிக்கை போன வாரம் வந்தது. கெட்ட கட்டி இல்லை. கொழுந்தியாவிடம் இன்னும் சொல்லவில்லை, கொஞ்ச நாள் பயப்படட்டும்.